செட்டிநாட்டு வீட்டில் ஸ்பிரிங்க்ளர் டிரெயின்: பைப் அளவு முதல் நீர் சேரும் இடம் வரை

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாகவும் திருமண இல்லங்களாகவும் மாறி வருகின்றன. நூறாண்டு தாண்டிய பர்மா தேக்கு உத்திரத்துக்குக் கீழே விருந்தினர் உறங்குகிறார்கள் என்றால் அங்கே தானியங்கி ஸ்பிரிங்க்ளர் (தீயின் சூட்டில் தானே திறந்து நீர் தெளிக்கும் அமைப்பு) வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பம்ப், தொட்டி, ஸ்பிரிங்க்ளர் தலைகள் ஆகியவற்றுக்கு எல்லோரும் நேரம் ஒதுக்குகிறார்கள். பைப்பில் உள்ள நீரை வெளியேற்றும் டிரெயின் மட்டும் வரைபடத்தின் ஓரத்தில் "2 இன்ச் டிரெயின்" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு இன்ச் வழியாக வரும் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று யாரும் எழுதுவதில்லை.

டிரெயின் அளவு என்பது வால்வின் அளவோடு முடிகிற கணக்கு அல்ல. வால்விலிருந்து வெளியேறும் நீரைக் கடைசியில் வாங்கிக்கொள்ளும் இடம் எவ்வளவு தாங்குமோ, அதுவரை கணக்கு போக வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே போகிறது.

கீழே வரும் டிரெயின் அளவுகள் அமெரிக்கத் தர விதியான என்.எஃப்.பி.ஏ. 13-ல் உள்ளவை. நம் நாட்டில் ஸ்பிரிங்க்ளருக்கு ஐ.எஸ். 15105 இருக்கிறது, கட்டடத்துக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-ன் நான்காம் பகுதி இருக்கிறது. உங்கள் வரைபடம் எந்த விதியின்படி தயாராகிறது என்பதைத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையிடம் தடையில்லாச் சான்றிதழுக்குப் போகும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். இரண்டு விதிகள் வேறு வேறு அளவு சொன்னால் பெரியதை எடுங்கள். ஒரு அளவு பெரிய வால்வுக்கு ஆகும் கூடுதல் செலவு, பின்னால் சுவரை உடைப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை.

முதல் படி: நீர் எங்கே தங்கும் என்று பாருங்கள்

புதுக் கட்டடத்தில் கூரை ஒரே மட்டமாக இருக்கும். பைப்பும் ஒரே மட்டமாக ஓடும். செட்டிநாட்டு வீடு அப்படி இல்லை. முகப்பின் கூரை உயரம் ஒன்று, வளவைச் (முற்றம் உள்ள உள்வீட்டைச்) சுற்றிய தாழ்வாரத்தின் உயரம் வேறு, அறைகளின் உயரம் வேறு, இரண்டாம் கட்டில் மறுபடி வேறு. நடுவில் முற்றம் திறந்து கிடக்கிறது. உத்திரத்தைத் துளைக்கக் கூடாது என்பதால் பைப் அதற்குக் கீழே இறங்கி, தாண்டி, மறுபடி ஏறுகிறது. அப்படி இறங்கி ஏறும் ஒவ்வோர் இடமும் நீர் தேங்கும் இடம். மொத்த அமைப்பையும் காலி செய்யும் மெயின் டிரெயினைத் திறந்தாலும் அந்த நீர் வராது.

ஆகவே பென்சிலோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். தரைப்படம் போதாது, ஒவ்வொரு பைப்பின் உயரத்தையும் காட்டும் பக்கவாட்டுப் படம் வேண்டும். ரைசரிலிருந்து (நீரை மேலே ஏற்றும் செங்குத்துக் குழாய்) தொடங்கிக் கடைசி ஸ்பிரிங்க்ளர் தலை வரை விரலால் தடம் பிடித்துப் போங்கள். பைப் கீழே இறங்கி மறுபடி மேலே ஏறினால் அங்கே வட்டமிடுங்கள். இதைச் செய்யாமல் போட்ட வரைபடத்தில், இப்படித் தேங்கும் நீரை வடிக்கும் துணை டிரெயின்கள் பாதிதான் இருக்கும். மீதி, பழுது பார்க்க வரும் ஃபிட்டர் தலையில் கொட்டும்போதுதான் தெரியவரும்.

சுவரைத் தாண்டும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வீடுகளின் சுவர்கள் தடிமனானவை, மேலே வழுவழுப்பான சுண்ணாம்புப் பூச்சு. ஒரு துளையைத் தவறான உயரத்தில் போட்டுவிட்டால் அந்தப் பூச்சைப் பழையபடி கொண்டுவரத் தெரிந்த கொத்தனாரைத் தேடி அலைய வேண்டும்.

இரண்டாம் படி: மெயின் டிரெயின் வால்வின் அளவு

இது எளிய பகுதி. ரைசர் அல்லது மெயின் பைப் 2 இன்ச், அதாவது 50 மி.மீ. வரை இருந்தால் டிரெயின் குறைந்தது முக்கால் இன்ச், 20 மி.மீ. மெயின் இரண்டரை முதல் மூன்றரை இன்ச் வரை என்றால் ஒன்றேகால் இன்ச், 32 மி.மீ. நான்கு இன்ச்சும் அதற்கு மேலும் என்றால் 2 இன்ச், 50 மி.மீ. இவை குறைந்தபட்ச அளவுகள். ஓர் இரண்டடுக்கு விடுதிக்குப் பெரும்பாலும் 100 மி.மீ. ரைசர் வரும், எனவே 50 மி.மீ. டிரெயின்.

மாடிக்கு ஒரு கட்டுப்பாட்டு வால்வு வைத்து, அவற்றின் டிரெயின்களை ஒரே இறங்கு குழாயில் சேர்க்கிறீர்கள் என்றால், அந்தப் பொதுக் குழாய் அதில் சேரும் டிரெயினைவிட ஓர் அளவு பெரிதாக இருக்க வேண்டும். 32 மி.மீ. டிரெயின்கள் சேர்ந்தால் 40 மி.மீ. குழாய். இத்தகைய வீட்டில் நான் 50 மி.மீ. போடச் சொல்வேன். 40 மி.மீ. உதிரிகள் ஊர்க்கடையில் எப்போதும் கிடைப்பதில்லை. ஒன்று உடைந்தால் மாற்ற நாளாகும்.

மெயின் டிரெயின் வெறும் வடிகால் மட்டும் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தொட்டியிலிருந்து ரைசர் வரை உள்ள பாதை அடைப்பின்றி இருக்கிறதா என்று பார்க்கும் கருவியும் அதுவே. பாதையில் ஏதோ ஒரு வால்வு பாதி மூடிக் கிடந்தால், நிலையாக நிற்கும்போது அழுத்தமானி சரியாகவே காட்டும். டிரெயினை முழுதும் திறந்து நீரை ஓடவிட்டால்தான் அழுத்தம் சரிந்து குட்டு வெளிப்படும். டிரெயின் சிறிதாக இருந்தால் ஓட்டமும் சிறிதாக இருக்கும். வால்வு பாதி மூடியிருப்பது தெரியாமலே போகும். 50 மி.மீ. என்று விதி கேட்பதில் இந்த நன்மையும் இருக்கிறது.

மூன்றாம் படி: துணை டிரெயின்கள்

முதல் படியில் வட்டமிட்ட இடங்களுக்கு இப்போது வாருங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை லிட்டர் தங்கும் என்று கணக்கிட வேண்டும். நடுத்தர வகை ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் ஒரு மீட்டருக்குத் தோராயமாக இவ்வளவு நீர் பிடிக்கும்: 25 மி.மீ. பைப்பில் 0.58 லிட்டர், 32-ல் 1 லிட்டர், 50-ல் 2.2, 65-ல் 3.7, 80-ல் 5.1, 100-ல் 8.7 லிட்டர்.

தங்கும் நீர் 18.9 லிட்டருக்குக் குறைவு என்றால் அரை இன்ச் நிப்பிளும் (சிறு குழாய்த் துண்டு) மூடியும், அல்லது ஒரு பிளக் போதும். கீழ்நோக்கித் தொங்கும் ஒரு ஸ்பிரிங்க்ளர் தலையைக் கழற்றினாலே அந்த நீர் முழுதும் வடிந்துவிடும் என்றால் தனி டிரெயினே வேண்டாம். 18.9 முதல் 189 லிட்டர் வரை முக்கால் இன்ச் வால்வும் அதற்கு ஒரு பிளக்கும். 189 லிட்டரைத் தாண்டினால் 1 இன்ச் வால்வு. அதையும் ஆள் எளிதாகப் போய்ச் சேரும் இடம் வரை பைப் போட்டுக் கொண்டுவர வேண்டும்.

உத்திரத்துக்குக் கீழே இறங்கி ஏறும் 3 மீட்டர் நீள 25 மி.மீ. பைப்பை எடுத்துக்கொண்டால், அதில் இரண்டு லிட்டர்கூட இல்லை. பிளக் போதும். ஆனால் வளவைச் சுற்றி ஓடும் வளையத்தைப் பாருங்கள். 65 மி.மீ. பைப் 36 மீட்டர் என்றால் 133 லிட்டர். அதிலிருந்து பிரியும் 32 மி.மீ. கிளைகள் 20 மீட்டர் என்றால் 20 லிட்டர். 25 மி.மீ. கிளைகள் 40 மீட்டருக்கு 23 லிட்டர். மொத்தம் 176 லிட்டர். விதிப்படி முக்கால் இன்ச் வால்வு போதும். ஆனால் வேலை நடக்கும்போது ஒரு தூணை விலக்கிப் போக வேண்டும் என்று வளையத்தை 4 மீட்டர் நீட்டினால் 191 லிட்டர் ஆகிவிடும், வரம்பு தாண்டிவிட்டது. பழைய வீட்டில் பைப் வரைபடத்தில் உள்ளபடியே முடிந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. 150 லிட்டரைத் தாண்டினாலே 1 இன்ச் வால்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வால்வின் இடமும் அளவைப் போலவே முக்கியம். வளவின் மூலையில், தூணின் மறைவில், ஆள் ஏணியின்றி எட்டும் உயரத்தில் வையுங்கள். அழகைக் கருதி மரப்பலகைக்குள் மூடிவிட்டால் அது இல்லாததற்குச் சமம். மூடியே ஆக வேண்டும் என்றால் திறக்கக்கூடிய சிறு கதவு வைக்க ஆசாரியிடம் சொல்லுங்கள்.

நான்காம் படி: கடைக்கோடிச் சோதனைக் குழாய்

நீரோட்ட அலாரம் வேலை செய்கிறதா என்று பார்க்க வைக்கும் குழாய் இது. முனையில் உள்ள துளை, அமைப்பிலேயே சிறிய ஸ்பிரிங்க்ளரின் துளைக்குச் சமமாகவோ அதைவிடச் சிறிதாகவோ இருக்க வேண்டும். குழாய் குறைந்தது 1 இன்ச். கே-காரணி (தலை எவ்வளவு நீர் விடும் என்று காட்டும் எண்) 80 உள்ள தலை, 3.5 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 150 லிட்டர் விடும் (80-ஐ 3.5-ன் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள்). இந்த 150 லிட்டரையும் ஓர் இடத்தில் வாங்க வேண்டும். மாடியின் கடைசி அறைக் குளியலறைத் தரை வடிகாலுக்கு அதை விட்டால் அறை நிரம்பும். பொது இறங்கு குழாயில் சேர்த்துவிடுவதே நல்லது. நீர் ஓடுவதைப் பார்க்க நடுவில் ஒரு கண்ணாடிப் பார்வைத் துண்டு வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: எவ்வளவு வரும்? எவ்வளவு போகும்?

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

50 மி.மீ. டிரெயினை முழுதும் திறந்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வரும்? துளைச் சூத்திரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் 3 பாரில் 2,500 லிட்டர் என்று காட்டும். உண்மையில் அவ்வளவு வராது. வால்வு, எல்போக்கள், பைப்பின் நீளம் எல்லாம் அழுத்தத்தைத் தின்றுவிடும். 10 மீட்டர் பைப், ஒரு கோண வால்வு, நான்கு எல்போக்கள் என்று வைத்து, உராய்வுக் கெழு 120 எடுத்து ஹேசன்-வில்லியம்ஸ் முறையில் (பைப் உராய்வில் குறையும் அழுத்தத்தைக் காணும் சூத்திரம்) கணக்கிட்டால் நிமிடத்துக்கு 950 லிட்டருக்கு அருகில் வருகிறது. பைப் 3 மீட்டராகவும் எல்போ இரண்டாகவும் குறைந்தால் 1,250 லிட்டர் வரை போகும். சுருக்கமாக, நிமிடத்துக்கு 1,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது மறுமுனை. அந்த நீரை 100 மி.மீ. தரை வடிகால் குழாயில் விடுகிறோம் என்று வையுங்கள். நூற்றுக்கு ஒன்று சாய்வில், உட்புறம் வழுவழுப்பாக உள்ள 100 மி.மீ. குழாய் முழுதும் நிறைந்து ஓடினால் நிமிடத்துக்கு 365 லிட்டர் அளவே எடுக்கும். வருவது 1,000, போவது 365. மீதி 635 லிட்டர் ஒவ்வொரு நிமிடமும் தரையில் பரவும். 150 மி.மீ. குழாய் அதே சாய்வில் 1,080 லிட்டர் எடுக்கும். அதாவது 2 இன்ச் டிரெயினுக்கு 6 இன்ச் வடிகால் வேண்டும். அழுத்தத்தில் வரும் நீருக்கும் சாய்வில் போகும் நீருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். பைப்பின் விட்டத்தை மட்டும் பார்ப்பவர் இங்கேதான் ஏமாறுகிறார்.

பழைய வீட்டில் 150 மி.மீ. குழாயைத் தரைக்குக் கீழே புதைக்க ஆத்தங்குடிக் கற்களைப் பெயர்க்க வேண்டியிருக்கும். பெயர்த்த கல் முழுதாகத் திரும்பாது. அதற்குப் பதில் வீட்டின் பின்கட்டுக்கு வெளியே ஒரு சம்ப் கட்டுங்கள். சோதனை மூன்று நிமிடம் என்றால் 3,000 லிட்டர் வரும். அந்த நேரத்தில் 100 மி.மீ. வெளியேற்றுக் குழாய் 1,095 லிட்டரை எடுத்துவிடும். தங்க வேண்டியது 1,905 லிட்டர். உள் அளவு 1.5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், நீர் நிற்கும் ஆழம் 1.2 மீட்டர் என்றால் 2,160 லிட்டர் பிடிக்கும். அதற்கு மேல் 30 சென்டிமீட்டர் விட்டுச் சுவரை உயர்த்துங்கள்.

டிரெயின் குழாயின் முனை சம்பின் நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும். இடைவெளி குழாய் விட்டத்தின் இரு மடங்கு, அதாவது 100 மி.மீ. குறையக் கூடாது. கழிவுநீர்க் குழாயோடு நேரடியாக இணைக்கவே வேண்டாம். அசுத்தம் திரும்பி ஏற வழி கிடைத்துவிடும். செப்டிக் டேங்கில் விடலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. ஒரே மூச்சில் 3,000 லிட்டர் இறங்கினால் அடியில் படிந்த சகதி கலங்கி வெளியே தள்ளப்படும்.

முற்றம் ஏன் கூடாது

"மழைநீரை எல்லாம் முற்றம் வாங்குகிறதே, இதை வாங்காதா?" இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். கேட்பது நியாயமானதுதான். முற்றத்தின் வடிகால் பெரியது, கல்லால் ஆனது, பெருமழையைத் தாங்கக் கட்டியது.

ஆனால் ஸ்பிரிங்க்ளர் பைப்பிலிருந்து முதலில் வரும் நீர் மழைநீர் அல்ல. மாதக்கணக்கில் இரும்புக்குள் அடைபட்டுக் கிடந்த நீர் அது. வால்வைத் திறந்ததும் கறுப்பாக, மை கரைத்ததுபோல வரும். பைப்பில் மரை வெட்டியபோது ஒட்டிய எண்ணெய் மேலே பளபளக்கும். சில நேரம் அழுகிய முட்டை நாற்றம் வீசும். பிறகு செம்மண் நிறம், அதன் பிறகே தெளிவு. ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டால் ஆனது. சூளையில் சுட்ட மெருகு அதற்குக் கிடையாது. இரும்புக் கறை அதன் நுண்துளைகளுக்குள் இறங்கினால் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் போகாது. சுவரின் சுண்ணாம்புப் பூச்சுக்கும் இதே கதி.

இன்னொன்றும் இருக்கிறது. பல வீடுகளில் முற்றத்து நீர் கிணற்றுக்குப் போகிறது. ஊருணிகளும் மழைநீரை நம்பியே நிறைகின்றன. இந்த வறண்ட நிலத்தில் முன்னோர்கள் ஒவ்வொரு சொட்டையும் சேர்க்க அமைத்த வழி அது. அந்த வழியில் எண்ணெயும் துருவும் கலந்த நீரை விடக் கூடாது. சம்பில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, துரு அடியில் படியவும் எண்ணெய் மேலே நிற்கவும் விட்டு, நடுவிலுள்ள தெளிந்த நீரைப் பூச்செடிகளுக்கும் மரங்களுக்கும் பாய்ச்சலாம். துருத்தடுப்பு ரசாயனம் கலந்த அமைப்பு என்றால் அதுவும் வேண்டாம்.

ஆறாம் படி: முனையைக் கட்டுங்கள்

வெளியே முடியும் டிரெயின் குழாயின் முனையில் கீழ்நோக்கிய எல்போ இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 1,000 லிட்டர் 50 மி.மீ. குழாயில் வந்தால் வேகம் வினாடிக்கு 7.5 மீட்டருக்கு மேல். முனையைப் பின்தள்ளும் விசை 12 கிலோ எடைக்கு மேல் இருக்கும். பிடிப்பு இல்லாத குழாய் ஆடும். பழைய செங்கல் சுவரில் வைத்த கொக்கி பிடுங்கிக்கொண்டு வரும். முனைக்கு அரை மீட்டருக்குள் ஓர் உறுதியான பிடிப்பைத் தரையிலிருந்து எழும் இரும்புத் தாங்கியில் வையுங்கள். சுவரை நம்ப வேண்டாம். நீர் விழும் இடத்தில் கருங்கல் பலகை போடுங்கள்.

குழாய் ஜி.ஐ. ஆக இருக்கட்டும். வெயிலில் கிடந்து வெளிறிய பி.வி.சி. இந்த உதையைப் பல ஆண்டுகள் தாங்காது. கட்டடத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடத்தில் முனையை விட்டுவிடுவதும் கூடாது.

ஏழாம் படி: காற்று வழி

மொத்த அமைப்பையும் காலி செய்ய எவ்வளவு நேரம்? 100 மி.மீ. 50 மீட்டர், 65 மி.மீ. 100 மீட்டர், 32 மி.மீ. 120 மீட்டர், 25 மி.மீ. 250 மீட்டர் உள்ள வீட்டில் 1,070 லிட்டர் நீர் இருக்கும். பம்பை நிறுத்தி, கட்டுப்பாட்டு வால்வை மூடியபின் நீர் தன் எடையால் மட்டுமே இறங்கும். 5 மீட்டர் உயர வித்தியாசத்தில் தொடக்கத்தில் நிமிடத்துக்கு 370 லிட்டர் வரும். பிறகு குறைந்துகொண்டே போகும். பெரிய பைப்புகள் ஆறேழு நிமிடத்தில் காலியாகும். மெல்லிய கிளைகளுக்கு அதைவிட நேரம் ஆகும்.

இது காற்று உள்ளே நுழைய வழி இருந்தால் மட்டும். மேல் மாடியின் கடைக்கோடிச் சோதனை வால்வைத் திறந்துவைக்காமல் கீழே டிரெயினைத் திறந்தால் கொஞ்சம் பீறிட்டு நின்றுவிடும்; காலியாகிவிட்டது என்று நினைத்து ஃபிட்டர் ஸ்பிரிங்க்ளர் தலையைக் கழற்றுவார், மீதி நீர் முழுதும் மெத்தையில் இறங்கும். எனவே மேலே திற, பிறகு கீழே திற என்ற வரிசையை வால்வு அருகே எழுதி வையுங்கள்.

எட்டாம் படி: ஏற்புச் சோதனையும் பதிவேடும்

வேலை முடிந்த நாளில், விடுதிப் பணியாளர்களுக்கும் விருந்தினருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மெயின் டிரெயினை மெல்லத் திறந்து முழுதும் கொண்டுபோங்கள். பம்ப் தானாகக் கிளம்பும். ஓடும்போது அழுத்தமானி நிலையாக நிற்கும் அளவைக் குறியுங்கள். மெல்ல மூடுங்கள், சட்டென மூடினால் பைப்பில் அடி விழும். திறப்பதற்கு முன் இருந்த அழுத்தமும், ஓடும்போது இருந்த அழுத்தமும், தேதியும் பதிவேட்டில் ஏற வேண்டும். சம்பில் நீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பதையும் சுவரில் கோடு போட்டுக் குறித்துவிடுங்கள்; உங்கள் ஐந்தாம் படிக் கணக்கு சரியா என்று அந்தக் கோடு காட்டிவிடும். கணக்குக்கு மேல் ஏறியிருந்தால் வெளியேற்றுக் குழாயில் சாய்வு குறைவு அல்லது மண் அடைப்பு என்று பொருள்.

பிறகு குறைந்தது ஆண்டுக்கு ஒரு முறை இதே சோதனை. ஓடும்போது உள்ள அழுத்தம் முதல் சோதனையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணத்தைத் தேட வேண்டும் என்கிறது பராமரிப்பு விதியான என்.எஃப்.பி.ஏ. 25. முதலில் 4.2 பார் இருந்து இப்போது 3.7 என்றால் 12 சதவீதம் விழுந்திருக்கிறது. தொட்டியிலிருந்து ரைசர் வரை உள்ள ஒவ்வொரு வால்வையும் வடிகட்டியையும் பாருங்கள்.

ஒவ்வொரு டிரெயின் வால்விலும் உலோகத்திலோ கெட்டியான பிளாஸ்டிக்கிலோ நிலையான பெயர்ப்பலகை தொங்க வேண்டும். அதைத் தமிழிலும் எழுதுங்கள்: "மெயின் டிரெயின் - 50 மி.மீ.", "துணை டிரெயின் - வளவு வளையம் - 25 மி.மீ." என்று. இரவில் ஒரு ஸ்பிரிங்க்ளர் தலை உடைந்து நீர் கொட்டும்போது அங்கே ஓடி வருபவர் வடிவமைத்த பொறியாளராக இருக்க மாட்டார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவலாளியாக இருப்பார். எந்த வால்வை மூடுவது, எதைத் திறப்பது, நீர் எங்கே போகும் என்பதை அவரையே ஒரு முறை செய்ய வைத்துக் காட்டிவிட்டுப் பொறுப்பை ஒப்படையுங்கள். சம்பின் அடியில் படிந்த துருச் சேற்றை ஆண்டுச் சோதனைக்கு முந்தைய நாள் வாரிவிடும் வேலையையும் அவருடைய பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.